வார நாளில் நாற்பது நிமிடமே உள்ளவர் எந்தத் தொடரைப் பார்க்கலாம்?

கேள்வி: வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். சிறப்பு வகுப்பு, விடைத்தாள், இரவுச் சமையல், எழுபத்திரண்டு வயதான அம்மாவுக்கு மாத்திரை என எல்லாவற்றையும் முடித்துவிட்டு நான் உட்காரும்போது மணி ஒன்பதே முக்காலைத் தாண்டிவிடுகிறது. பத்தரைக்குப் படுக்காவிட்டால் காலை ஐந்து மணிக்கு எழ முடிவதில்லை. ஆக, வார நாள்களில் எனக்கென்று இருப்பது நாற்பது நிமிடம்.

சென்ற ஆண்டு உடன் பணிபுரியும் ஒருவரின் பேச்சைக் கேட்டு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடங்கினேன். எட்டு சீசன்கள், 73 எபிசோடுகள், ஏறத்தாழ எழுபது மணி நேரம். என் வேகத்தில் அது ஐந்து மாத வேலை என்பதை அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை செத்தவர் யாருக்கு அண்ணன் என்பது வியாழக்கிழமைக்குள் மறந்துபோய், அதைத் தெரிந்துகொள்ள முந்தைய எபிசோடைத் திரும்பப் போட்டு, அதிலேயே அன்றைய நாற்பது நிமிடமும் கரைந்துவிடும். இரண்டாம் சீசனின் நடுவில் கைவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் முடியக்கூடிய, முடிவு என்று ஒன்றை உண்மையாகவே வைத்திருக்கிற தொடர் எது? எனக்கு மொழி தடையில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அம்மாவும் உடன் உட்காருவார். சப்டைட்டில் படிக்க அவர் கண்கள் ஒத்துழைக்காது என்பதால் அவருக்கானது தமிழிலேயே இருக்க வேண்டும். தயவுசெய்து ஐம்பது பெயர்கள் கொண்ட பட்டியலைத் தந்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவை என் கைப்பேசியில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. ஒன்றிரண்டைச் சொல்லி, ஏன் என்பதையும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பின்னிரவு

வணக்கம் டீச்சர். நீங்கள் வேதியியல் ஆசிரியை என்பதால் எனக்கு வேலை எளிதாகிவிட்டது. 2019இல் எச்பிஓ வெளியிட்ட ‘செர்னோபில்’ தொடரைப் பாருங்கள். மொத்தம் ஐந்தே எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைச் சற்று முன்பின்னாகத் தொடும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம், அடுத்த சீசன் எப்போது வரும் என்ற கேள்வியே எழாது.

1986 ஏப்ரல் 26ஆம் தேதி அதிகாலை ஒன்று இருபத்துமூன்றுக்கு அணு உலை வெடித்ததை எல்லாரும் அறிவோம். என்ன நடந்தது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, ஏன் நடந்தது என்பதற்கு நம்மை ஐந்தாவது எபிசோட் வரை காக்க வைப்பதுதான் இந்தத் தொடரின் கெட்டிக்காரத்தனம். அந்தக் கடைசி எபிசோடில், கனிம வேதியியலாளரான வலேரி லெகாசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு அட்டைகளையும் நீல அட்டைகளையும் ஒரு பலகையில் மாற்றி மாற்றிச் செருகுகிறார். உலையின் வினையைக் கூட்டுவது சிவப்பு, குறைப்பது நீலம். தண்ணீர், செனான், கட்டுப்பாட்டுத் தண்டுகள், அந்தத் தண்டுகளின் நுனியில் இருந்த கிராஃபைட் என ஒவ்வொன்றாக அடுக்கி, நீல அட்டைகள் எப்படி ஒவ்வொன்றாகக் காணாமல் போயின என்று அவர் விளக்கும்போது, அறிவியல் படிக்காத என் மனைவிக்குக்கூட விளங்கியது. கரும்பலகையின் முன் இருபது ஆண்டுகள் நின்றவர்கள் அந்தக் காட்சியை எங்களைவிட அதிகமாக ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான்காவது எபிசோடில் ஒரு காட்சி வருகிறது. உலைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் சிதறிக் கிடக்கும் கிராஃபைட் துண்டுகளை வாரிக் கீழே தள்ள இயந்திரங்களால் முடியவில்லை என்றானதும், ஆட்களை அனுப்புகிறார்கள். ஒருவருக்குத் தரப்படுவது 90 விநாடி. கேமரா ஒரு வீரரின் பின்னாலேயே வெட்டில்லாமல் ஓடுகிறது. மூச்சிரைப்பும் கதிர்வீச்சுக் கருவியின் கரகர ஒலியும் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. அவர் தடுமாறி, கால் இடுக்கில் மாட்டி, மணியடித்ததும் உள்ளே ஓடிவருகிறார். குனிந்து பார்த்தால் காலணி கிழிந்திருக்கிறது. அவ்வளவுதான் காட்சி. பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியும் எனக்கு அந்தக் காலணி மறக்கவில்லை.

வகுப்பில் யாரிடமாவது சொல்வதற்கு முன் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். உண்மையில் லெகாசோவ் அந்த விசாரணையில் சாட்சி சொல்லவில்லை. உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளை ஒருவராக்கி உருவாக்கப்பட்ட கற்பனைப் பாத்திரம். தொடரின் இறுதியில் வரும் எழுத்துகளிலேயே இரண்டாவதை ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். நான்காவது எபிசோடில் கைவிடப்பட்ட நாய்களைச் சுடும் காட்சிகள் உண்டு, அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கதை குறையாது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற எழுத்தர்

பின்னிரவு அவர்கள் சொன்ன தொடரின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவு பத்தரைக்குக் கதிர்வீச்சைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவருக்கு ஐந்து மணிக்கு எழுகிற தெம்பு எங்கிருந்து வரும் என்பதுதான் என் கேள்வி. நேரமில்லாதவருக்கு அன்றைய கதை அன்றே முடிய வேண்டும், சிரித்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும்.

அந்த வகையில் பிபிசியின் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரைப் பரிந்துரைக்கிறேன். 1980 முதல் 1984 வரை வந்தது. அதன் தொடர்ச்சியான ‘யெஸ் ப்ரைம் மினிஸ்டர்’ 1986இல் தொடங்கி 1988இல் முடிந்தது. எபிசோட் ஒன்றுக்கு அரை மணி நேரம். ஒன்றைப் பார்த்து ஒரு மாதம் கழித்து அடுத்ததைப் பார்த்தாலும் எதுவும் விட்டுப்போகாது. புதிதாகப் பதவியேற்ற அமைச்சர் ஜிம் ஹேக்கர் ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்ய நினைக்கிறார், அவருடைய செயலர் சர் ஹம்ஃப்ரி மரியாதை சிறிதும் குறையாமல் அதை நடக்கவிடாமல் செய்கிறார். கதை எப்போதும் இவ்வளவுதான்.

ஓர் எபிசோடில், புதிதாகக் கட்டி முடித்த மருத்துவமனை ஒன்றில் ஐந்நூறு நிர்வாக ஊழியர்கள் பணியில் இருப்பார்கள். நோயாளி ஒருவர்கூட இருக்க மாட்டார். அமைச்சர் அதிர்ந்து போக, அது மிகச் சிறப்பாக இயங்குகிறது என்று அதிகாரிகள் விளக்கம் தருவார்கள். கோப்புகளோடு முப்பத்தொரு ஆண்டுகள் காலம் தள்ளிய நான் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். மாணவரைவிடச் சுற்றறிக்கையை அதிகம் பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஹம்ஃப்ரி ஒரே மூச்சில் பேசும் நீண்ட வாக்கியங்களுக்காக ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு ‘தலைவெட்டியான் பாளையம்’ பொருந்தும். அமேசான் பிரைமில் 2024 செப்டம்பரில் வந்தது, எட்டு எபிசோடுகள். சென்னையில் படித்த இளைஞன் திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராகப் போய்ச் சேருகிற கதை. இந்தியில் வந்த ‘பஞ்சாயத்’ தொடரின் மறுஆக்கம் இது. மூலத்தைப் பார்த்தவர்களுக்குச் சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். உங்கள் அம்மா பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். இயக்கியவர் நாகா. சன் டிவியில் ‘மர்மதேசம்’ வந்த இரவுகளில் தெருவே அடங்கிக் கிடந்தது அம்மாவுக்கு நினைவிருக்கலாம். அந்த நாகாதான். அதில் ‘விடாது கருப்பு’ கதையில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதில் கணவன் மனைவியாகவே வருகிறார்கள்.

மறுமொழி 3: வேகம்

நெட்ஃபிளிக்ஸில் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி இருக்கிறது. ஒரு மணி நேர எபிசோட் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தனை கணக்குகள் எதற்கு?

மறுமொழி 4: பின்னிரவு

அன்பரே, அந்த மொட்டைமாடிக் காட்சியை உங்கள் வேகத்தில் ஓட்டினால் தொண்ணூறு விநாடி அறுபதாகிவிடும். அந்த வீரரோடு சேர்ந்து விநாடிகளை எண்ணுவதற்குத்தானே அதை எடுத்திருக்கிறார்கள். சமையல் குறிப்புக் காணொளிகளை நீங்கள் சொல்லும் வேகத்தில் நானும் பார்ப்பதுண்டு.

மறுமொழி 5: வெட்டும் ஒட்டும்

படத்தொகுப்பு அறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எந்தத் தொடர் என்பது ஒருபுறம் இருக்க, எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பற்றி இங்கே எவரும் பேசவில்லை.

இன்றைய மர்மத் தொடர்களில் எபிசோடின் கடைசி இரண்டு நிமிடங்கள் உங்களைத் தூங்கவிடாமல் செய்வதற்கென்றே தைக்கப்படுகின்றன. புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022இல் வந்த ‘சுழல்’ இதற்கு நல்ல சான்று. மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், ஒரே இரவில் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது, ஒரு பெண்ணும் காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டே போக, விசாரணையும் கூடவே நகர்கிறது. எட்டு எபிசோடுகளின் முடிவிலும் ஒரு முடிச்சு விழும். ‘அடுத்தது’ என்ற பொத்தானை விரல் தானாகத் தேடும். மணி பன்னிரண்டாகிவிடும்.

என் வீட்டில் நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்துவதில்லை. அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறோம். முந்தைய எபிசோடின் முடிவில் விழுந்த முடிச்சு அதற்குள் தளர்ந்திருக்கும். புதிய முடிச்சு இன்னும் விழுந்திருக்காது. நாற்பது நிமிடக்காரருக்கு எபிசோடின் எல்லையை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

ஆசிரியை என்பதால் இன்னும் ஒன்று. 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடாலசன்ஸ்’ தொடரில் நான்கு எபிசோடுகளே உண்டு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை. உடன் படித்த மாணவியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுச் சிறுவன் கைது செய்யப்படுவதில் கதை தொடங்குகிறது. இரண்டாவது எபிசோட் பெரும்பாலும் ஒரு பள்ளியில் நடக்கிறது. வகுப்பறைக்கு வகுப்பறை நகரும் கேமராவின் ஓரத்தில் களைத்துப்போன ஆசிரியர்கள் மாணவர்களை அதட்டிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவதில் ஓர் அறை, அந்தச் சிறுவன், ஓர் உளவியலாளர். அவ்வளவே. இதற்கு மட்டும் நான் மேலே சொன்ன முறை பொருந்தாது. ஒரே மூச்சில் எடுத்ததை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6: திண்ணை

அம்மாவுக்கு இன்னொன்று: ஜீ5 தளத்தில் 2023 ஜனவரியில் வந்த ‘அயலி’. எட்டு எபிசோடுகள், தமிழிலேயே எழுதி எடுக்கப்பட்டது. வயதுக்கு வந்துவிட்ட பெண் பள்ளிக்குப் போகக் கூடாது, உடனே கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதை ஊரிடமிருந்து மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். கதை 1990இல் நடப்பது. பிற்பகுதியில் வசனங்கள் மேடைப் பேச்சாக நீள்வது ஒரு குறைதான். ஆனால் மகளின் ரகசியத்தைச் சுமக்கும் தாயாக வரும் அனுமோளின் முகத்தை வசனமே இல்லாத இடங்களில் பாருங்கள். நான் என் மாமியாரோடு பார்த்தேன். மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு அவர் தம்முடைய ஊரில் யாரார் எந்த வகுப்போடு நிறுத்தப்பட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கிவிட்டார், அன்றைக்குத் தொடர் அதற்கு மேல் ஓடவில்லை.

கேள்வி கேட்டவர்: வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ‘செர்னோபில்’ முடிந்துவிட்டது. வெட்டும் ஒட்டும் அவர்கள் சொன்னபடி பத்து நிமிடம் தள்ளித் தள்ளி நிறுத்தியே பார்த்தேன், இரண்டு நாள் மட்டும் கட்டுப்பாடு தவறியது. சிவப்பு, நீல அட்டைகளைச் சமநிலைப் பாடத்துக்குப் பயன்படுத்த நானும் வெட்டி வைத்திருக்கிறேன். இப்போது வார நாள்களில் சர் ஹம்ஃப்ரிதான் ஓடிக்கொண்டிருக்கிறார். ‘அடாலசன்ஸ்’ தொடரைக் காலாண்டு விடுமுறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

சனிக்கிழமை ‘தலைவெட்டியான் பாளையம்’ போட்டேன். தேவதர்ஷினி திரையில் வந்ததும் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இந்தப் பொண்ணு கருப்பு கதையில வந்தவதானே?” என்றார். அதன் பிறகு என்னை அந்த எபிசோடைப் பார்க்கவிடாமல் ‘விடாது கருப்பு’ கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ‘அயலி’ அடுத்த வாரம்.

அந்தப் பழைய ‘மர்மதேசம்’ இப்போது எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?