கை வைப்பதற்கு முன்னால்: மூப்பர், போதகர் பயிற்சியில் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

(மூப்பர் என்பவர் சபையை மேய்க்கும் பொறுப்பில் உள்ளவர். அப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுகிற சிலர் ஆளுக்கொரு காட்சியும், ஒருவருக்கொருவர் பதிலுமாக எழுதியது.)

நோயாளி சந்திப்புப் பயிற்சியாளர்:

அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். பயிற்சி மூப்பர் உள்ளே வந்தார், வேதாகமத்தைப் படுக்கைமேல் வைத்தார், நின்றபடியே நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சலைன் ஏறிக்கொண்டிருந்த கை அது. ஒவ்வொரு 'கர்த்தாவே'க்கும் அந்தக் கை குலுங்கியது. நான்காவது நிமிடத்தில் குழாய்க்குள் ரத்தம் மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஜெபித்தவர் கண்ணை மூடியிருந்தார். நோயாளி மூடவில்லை.

துளியும் கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். நோயாளிக்காக மூப்பர்கள் ஜெபிக்க வேண்டும் என்கிற யாக்கோபு 5:14 தலைகீழாகத் தெரியும். ஆனால் அதுவரை ஒருவர்கூட அவரோடு ஒரு சந்திப்புக்குப் போனதில்லை. பொறுப்பைக் கொடுத்தார்கள், பட்டியலைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முதல் மூன்று சந்திப்பில் புதியவர் வாயே திறக்கக் கூடாது, கூட இருந்து பார்க்க வேண்டும். அடுத்த மூன்றில் அவர் பேசுவார், பழையவர் சுவரோரம் நிற்பார். அதற்குப் பிறகுதான் தனியாக. நுழையுமுன் செவிலியரிடம் கேட்பது, கை கழுவுவது, நாற்காலியை நோயாளியின் கண்மட்டத்துக்கு இழுத்துப் போடுவது, படுக்கையில் உட்காராமல் இருப்பது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவது, இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் ஒரே நாளில் வந்துவிடும். வராதது ஒன்று: 'உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பது. நோயாளி 'தூக்கம் வரணும்' என்றால் தூக்கத்துக்காகத்தான் ஜெபிக்க வேண்டும். ஒரு நிமிடம் போதும்.

வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்த பேச்சை 'அவர் சொன்னது, நான் சொன்னது' என்று வரிவரியாக எழுத வைக்கவும். மருத்துவமனை ஊழியப் பயிற்சியின் முதுகெலும்பே இதுதான். 1925 கோடையில் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் போதகர் ஆன்டன் பாய்சன் நான்கு இறையியல் மாணவர்களோடு தொடங்கிய இயக்கம் அது. இன்று அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் ஒரு யூனிட், அதாவது ஒரு பாடச்சுற்று, 400 மணி நேரம். அதில் 100 மணி நேரம் உட்கார்ந்து ஆராய்வதற்கே போய்விடும். பாய்சன் தாமே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். படுக்கையில் கிடப்பவருக்கு அறை எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடவும். ஞாயிறு ஜெபக் குறிப்பில் ஒருவரின் நோயின் பெயரைப் போடுவதற்குக்கூட அவருடைய அனுமதி வேண்டும்.

தேர்வுக் குழு:

கையைப் பிடித்தது பயிற்சிக் குறை, திருத்திவிடலாம். ஆரம்பத்திலேயே தவறான ஆளை எடுத்துவிட்டால் எந்தப் பயிற்சியும் உதவாது.

மூப்பர் பொறுப்புக்கான நேர்காணல். எல்லாக் கேள்விக்கும் சரளமாகப் பதில் சொன்னவரிடம் 'கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்?' என்றார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். அந்த அறையில் யாரும் அசையவில்லை.

சபைத் தலைவருக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் 1 தீமோத்தேயு 3:2 முதல் 7 வரை நிதானமாகப் படியுங்கள். குற்றஞ்சாட்டப்படாதவன், ஜாக்கிரதையுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், அடியாதவன், பொருளாசையில்லாதவன் என்று போகிற பட்டியலில் பேச்சுத் திறமை என்று எடுக்கக் கூடியது 'போதகசமர்த்தன்' (போதிக்கத் தெரிந்தவன்) என்ற ஒரு சொல்தான். ஆனால் பல சபைகளில் ஆள் எடுப்பது அந்த ஒரு சொல்லை வைத்து. அல்லது காலியிடம் இருக்கிறது என்று. அல்லது காணிக்கை அதிகம் கொடுக்கிறார் என்று. மூன்றுமே பின்னால் வெடிக்கும்.

கணவன், மனைவி இருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். ஒருவர் முன்னால் ஒருவரைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். 'புறம்பானவர்களால் நற்சாட்சி' என்று வேதம் சொல்வதை அப்படியே செய்யுங்கள். வேலை செய்கிற இடத்தில் ஒருவர், அக்கம்பக்கத்தில் ஒருவர், முன்பிருந்த சபையில் ஒருவர் என மூவரிடம் பேசுங்கள். 'நல்லவரா?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் பதில் வரும். 'இவர் கோபப்பட்டு நீங்கள் பார்த்தது எப்போது, அன்று என்ன செய்தார்?' என்று கேளுங்கள்.

போதிக்கத் தெரியுமா என்று பார்க்கப் பிரசங்க மேடை வேண்டாம். ஒரு உவமையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் மேல், பட்டம் இல்லாமல் ஒரு வருடம் அந்த வேலையைச் செய்ய விடுங்கள். 'இவர்கள் முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்' என்பது உதவிக்காரருக்கு, அதாவது சபையின் நடைமுறை வேலைகளைப் பார்ப்பவருக்கு, எழுதியது. மூப்பருக்கு அது குறைவாகவா பொருந்தும்?

பொருளாளர்:

குணம், குணம் என்கிறீர்கள். குணமுள்ள மனிதரைத் தனியாகப் பணத்தோடு உட்கார வைத்தது யார்?

ஆராதனை முடிந்து எல்லாரும் போயாயிற்று. பின்னறையில் உதவிக்காரர் ஒருவர் மட்டும் காணிக்கையை எண்ணிக்கொண்டிருக்கிறார். பெட்டிச் சாவி அவர் சட்டைப்பையில். எண்ணிய தொகையை ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதுகிறார். ஒரு பைசா எடுத்ததில்லை அவர். ஆனால் எட்டு மாதம் கழித்துக் கணக்கு உதைத்தபோது அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. அழுதுகொண்டே பொறுப்பை விட்டார்.

உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும், வாராவாரம் ஆள் மாற வேண்டும், போதகர் எண்ணவே கூடாது. தாளில் நோட்டு வகைவாரியாக எண்ணிக்கை, சில்லறை தனி, காசோலை தனி, 'கட்டட நிதிக்கு', 'ஏழைகளுக்கு' என்று குறித்துக் கொடுத்தது தனி. இருவரும் கையெழுத்து. எண்ணிட்ட முத்திரைப் பையில் போட்டு அந்த எண்ணையும் தாளில் எழுதவும். எண்ணாத மூன்றாம் ஆள் மாதக் கடைசியில் அந்தத் தாள்களை வங்கி அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். கோளாறு பெரும்பாலும் 'நாளைக்குப் போட்டுக்கலாம்' என்று வீட்டுக்குக் கொண்டுபோவதில் தொடங்கும். இல்லையென்றால் குறித்துக் கொடுத்த நிதியைத் 'தற்காலிகமாக' மின்கட்டணத்துக்கு எடுப்பதில்.

பவுல் காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. 2 கொரிந்தியர் 8:18 முதல் 21 வரை படித்தால், சபைகள் தெரிந்தெடுத்த ஆள் கூட வருகிறார், காரணமும் அங்கேயே இருக்கிறது: கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படிக்கிறார்கள், சரி. வரவுசெலவுக் கணக்கு வாசிக்க ஒரு மதியம் ஒதுக்கக் கூடாதா?

குருமட ஆசிரியர்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து, குருக்களைப் பயிற்றும் குருமடத்திலிருந்து. அடக்கத் திருப்பலி. புதிய திருத்தொண்டர் (குருவாவதற்கு முந்தைய படியில் இருப்பவர்) மறையுரையில் இறந்தவரின் பெயரை மாற்றிச் சொன்னார். முந்தைய அடக்கத்துக்கு எழுதிய குறிப்பு, பெயர் ஓரிடத்தில் மாற்றாமல் விட்டிருந்தது. முதல் வரிசையில் இருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை போதும். இப்போது மாணவர்களுக்குச் சொல்வது: இறந்தவரின் பெயரை ஒரு முழுத் தாளில் பெரிதாக எழுதி வாசக மேடையில் ஒட்டு. முந்தைய நாள் வீட்டுக்குப் போ. கை வேலை என்ன செய்தார், எதற்குச் சிரிப்பார், கடைசி வாரம் எப்படி இருந்தது என்று மூன்றையும் கேள். பழைய குறிப்பைத் திறக்காதே.

மேலே 'ஒரு வருடம் சோதியுங்கள்' என்று எழுதியவருக்கு: ஒரு வருடம் போதாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று ஆணையிட்டதே, பயிற்சி இல்லாத குருக்களால் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான். இன்றைய திருச்சபைச் சட்டப்படி மெய்யியல் இரண்டு முழு ஆண்டு, இறையியல் நான்கு முழு ஆண்டு. திருத்தொண்டராகக் குறைந்தது 23 வயது, குருவாக 25. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதமாவது இடைவெளி. திருநிலைப்பாட்டுக்கு (அந்தப் பொறுப்பில் அமர்த்தும் சடங்குக்கு) முன் குறைந்தது ஐந்து நாள் தியானம். 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ஊக்கவுரை மனிதப் பயிற்சி, ஆன்மிகப் பயிற்சி, அறிவுப் பயிற்சி, மேய்ப்புப் பணிப் பயிற்சி என்று நான்கைச் சொல்லி, மனிதப் பயிற்சியைத்தான் அடித்தளம் என்கிறது. அவசரமாகச் செய்யும் வேலை அல்ல இது.

விரிவாக்கக் கல்வி ஒருங்கிணைப்பாளர்:

ஐயா, ஆறு வருடம் யாருக்குக் கிடைக்கும்? நான்கு பிள்ளை, நிலம், வயதான தாய் என்று இருக்கும் மூப்பர் எங்கே போய்த் தங்கிப் படிப்பார்? ஊர் ஏற்கெனவே நம்பிப் பின்பற்றுவது அவரைத்தான்.

ஒரே காட்சி சொல்கிறேன். ஊழியத்தில் இருபது வருடம் ஆன மூப்பர் ஒருவர், முதல் வாரத் தேர்வுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்கவே இல்லை. எழுத்தறியாதவர் அல்ல, எழுதிப் பழக்கம் விட்டுப் போனவர். அவரை 'தோல்வி' என்று குறித்திருந்தால் அந்தச் சபை தன் மேய்ப்பனை இழந்திருக்கும். வாய்மொழியாகக் கேட்டார்கள். ரோமர் 8ஐ அவர் சொன்ன விதத்தில் அறை அமைதியானது.

குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் செமினரி 1963இல் செய்தது இதற்கான பதில்தான்: மாணவன் கல்லூரிக்கு வருவதற்குப் பதில் கல்லூரி மாணவனிடம் போனது. மூன்று கால் முக்காலி மாதிரி. வீட்டில் தானே படிக்கும் பயிற்சிப் புத்தகம் ஒரு கால், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கலந்துரையாடல் ஒரு கால், அந்த வாரமே சபையில் செய்து பார்ப்பது ஒரு கால். எதை விட்டாலும் சாயும். அதிகம் விடுபடுவது மூன்றாவது கால். ஆகவே இதைத் தொடங்குகிறவர்கள் கவனிக்க: குழு எட்டு, பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று பாடத்தைப் பிரித்துக் கொடுங்கள். 'வாரத்துக்கு ஒரு அத்தியாயம்' என்றால் சனி இரவுதான் திறப்பார்கள். வகுப்பின் முதல் இருபது நிமிடம் 'போன வாரம் செய்து பார்த்தீர்களா, என்ன ஆயிற்று?' என்பதற்கே. செய்யாதவரைத் திட்ட வேண்டாம், அடுத்த வாரம் அவரோடு ஒருவரை அனுப்புங்கள். இரண்டு முறை தொடர்ந்து வராதவரை மூன்றாம் வாரத்துக்கு முன் வீட்டில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் வெட்கமாக இருக்கும். ஆசிரியராக வருகிறவர் பிரசங்கிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்த ஒரு மணி நேரம் மாணவர்கள் பேசுவதற்கு உரியது.

2 தீமோத்தேயு 2:2 நான்கு தலைமுறை: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள். அதில் விடுதி இல்லை.

வீட்டுக் குழு:

சின்ன விஷயம். புதிய குழுத் தலைவர் கேள்வி கேட்டார், இரண்டு நொடியில் தானே பதில் சொன்னார். ஒன்பது கேள்வி, ஒன்பது பதில், எல்லாம் அவரே. ஓரமாக இருந்த ஒரு பெண் மூன்று முறை மூச்செடுத்துப் பேச வந்து நிறுத்தினார்.

மனதுக்குள் பத்து எண்ணுங்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புகள், ஒரு தலைவருக்குப் பன்னிரண்டு பேர், வாரம் ஒரு பென்னி என்று கட்டடக் கடனை அடைக்கத்தான் தொடங்கின. வாராவாரம் பார்க்கப் போன தலைவர்கள் காசை மட்டும் வாங்கி வரவில்லை. அவர் குடிக்கிறார், இவர் வீட்டில் சண்டை என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். மேய்ப்புப் பணியாக அது மாறியது கேட்டதால்தான்.

சிறுவர் ஊழியம்:

முதலில் எழுதியவருக்கு ஒரு மறுப்பு, கோபம் இல்லாமல். 'கேட்டதை வெளியே சொல்லக் கூடாது' என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஆபத்து.

ஞாயிறு பள்ளி முடிந்து ஒரு பிள்ளை, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்' என்றது. இளம் ஆசிரியை 'சத்தியமா சொல்ல மாட்டேன்' என்றுவிட்டார். அடுத்த வாக்கியம் வந்தபோது அவர் முகம் வெளுத்தது. சத்தியத்தைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா என்று இரண்டு நாள் தவித்தார். அந்த இரண்டு நாளும் பிள்ளை அதே வீட்டில்தான் இருந்தது.

பதில் முன்பே மனப்பாடமாக இருக்க வேண்டும்: 'நீ பத்திரமா இருக்கணும்னா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனா எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.' அதிர்ச்சியைக் காட்டக் கூடாது. 'அப்பாவா செஞ்சார்?' என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையையே, நேரம் போட்டு, அன்றே எழுத வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிப்பது சபையின் வேலை அல்ல. பொறுப்பாளரிடமும், சட்டம் சொல்கிற அதிகாரியிடமும் அன்றே போக வேண்டும். 'இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் பிராது ஏற்கக் கூடாது' என்ற வசனத்தைக் காட்டி இதைத் தாமதப்படுத்தியவர்கள் உண்டு. தயவுசெய்து அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றிருக்கிறது.

குருமட ஆசிரியர்:

மேலே சொன்னது முழுவதும் சரி. ஒரு வேறுபாடு மட்டும்: பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது, அது மீறக்கூடாத முத்திரை. அதனால்தான் மாணவர்களைப் பழக்குவது, அந்த அருட்சாதனத்துக்கு வெளியே வந்து திரும்பவும் பேசும்படி அந்த ஆளை அழைப்பதற்கு. 'இதை வெளியே உட்கார்ந்து பேசலாமா? நான் கூட வருகிறேன்.' இந்த வாக்கியத்தை ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். புத்தகத்தில் படித்தால் அந்த நேரத்தில் வாய்க்கு வராது.

நோயாளி சந்திப்புப் பயிற்சியாளர்:

சிறுவர் ஊழியத்தவர் சொன்னது நியாயம். இனி முதல் நாளே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், குறிப்பில் திருத்திவிட்டேன்.

அந்த மூப்பர் என்ன ஆனார் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அன்றிரவு தன் சந்திப்பை வரிவரியாக எழுதிக் கொண்டுவந்தார். ஒன்றரைப் பக்கம். 'அவர் சொன்னது' என்ற பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். மறு வாரம் பழைய மூப்பர் ஒருவரோடு அதே நோயாளியிடம் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'எந்தக் கையைப் பிடிக்கலாம்?' என்று கேட்டார்.