மறுமொழி: வளைவெழுத்து தைக்கும் தாளுக்குப் பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையில் (quilt) எழுத்து அமைக்க உதவும் தாளுக்கு (template) 'வார்ப்புரு' என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் நிலைத்துவிட்ட சொல், அங்கே இருக்கட்டும். சுவாமிமலைக்குப் பக்கத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. இங்கே வார்ப்பு என்றால், சிலை செய்ய மண் அச்சில் இருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. ஒட்டுத்துணிப் போர்வையில் எழுத்து தைக்கிறவர் தாளை வைத்துத் துணியை வெட்டுகிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வகைத் தாள்களை ஒரே பெயரால் அழைப்பது. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளுக்கு, எழுத்தை வரைந்த தாளின் மேலேயே துணியை வைத்து, கோட்டோடு தைத்து, திருப்பி மடித்து, அடுத்த துண்டை வைக்கலாம். முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடுவோம். ழ, ஞ, இ எல்லாம் அப்படி வராது. வளைந்த தையலில் துணியைத் திருப்பி மடித்தால் சுருக்கம் விழும். அவற்றுக்குத் தாளைக் கோட்டோடு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் துணியில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்ட வேண்டும். இந்தத் தாளின் மேல் தையல் ஓடாது.

ஆகவே முதலாவது கிழிதாள், இரண்டாவது வெட்டுத்தாள். கிழிதாள் வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி; சொல்லும்போதே வேலை தெரிகிறது.

வளைவில் ஓடும் தையலுக்கு வளைதையல் என்பேன். ழ-வின் வளைவைத் தைத்துப் பாருங்கள். எழுத்துத் துண்டின் விளிம்பு வெளியே புடைத்திருக்கும், அதைச் சூழும் பின்னணித் துணியின் விளிம்பு உள்ளே குழிந்திருக்கும். தையல் கோட்டில் இரண்டும் ஒரே நீளம்தான். ஆனால் தையலுக்கு விட்ட கால் அங்குலத்தால் குழிந்த துணியின் ஓரம் குறைந்துபோகும், புடைத்ததன் ஓரம் கூடிவிடும். அதனால் குழிந்த ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுக்கிறோம், கோட்டைத் தொடாமல். இரு துண்டுகளின் நடுக்குறிகளையும் சேர்த்து முதல் குண்டூசி, அப்புறம் இரு முனைகளிலும். குழிந்த துணி மேலே இருக்கும்படி வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். இந்த இரண்டு விளிம்புகளுக்கும் குழிவிளிம்பு, குவிவிளிம்பு என்று பெயர் வைக்கலாம்; பள்ளியில் குழியாடி, குவியாடி படித்தவர்களுக்கு உடனே விளங்கும்.

இந்த வேலைக்கு 'ஒட்டுத்தையல்' என்ற பெயர் வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தொம்பை (தேரிலும் கோயிலிலும் தொங்கவிடும் குழாய் வடிவத் துணி அலங்காரம்) தைப்பவர்கள் அடித்துணியின் மேல் வெட்டிய உருவை வைத்துத் தைக்கிறார்கள். அந்தச் சொல் அந்த வேலைக்குத்தான் பொருந்தும். நம் போர்வையில் எழுத்தும் பின்னணியும் ஒரே தளத்தில் பக்கம் பக்கமாகச் சேர்கின்றன.

'இடவல மாற்றுரு' பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாள் துணியின் பின்பக்கம் இருப்பதால் எழுத்தை இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும், உண்மை. ஆனால் அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. செய்முறையில் 'எழுத்தைத் திருப்பி வரையவும்' என்று எழுதினால் தையல்காரர் யாருக்கும் புரியும்.