படித்ததை எழுதப் போய் நேரில் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

தகைவிலான்:
வேடந்தாங்கல். நத்தைகுத்தி நாரைதான். மூடினாலும் அலகு நடுவில் இடைவெளி விட்டு நிற்குமே, அதைப் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு நீளமாக ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். பைனாகுலரில் பார்த்தால் கூட்டில் ஒன்று, அலகு கச்சிதமாக மூடியிருக்கிறது. "இது வேற இனம்" என்று நண்பரிடம் சத்தமாகவே சொன்னேன். கரையில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் திரும்பினார். "அது குஞ்சு தம்பி. வளர வளரத்தான் அந்தச் சந்து விழும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று வருஷமாகிறது, அந்தச் 'சந்து' காதிலேயே நிற்கிறது. நான் எழுதியிருந்தது 'அலகிடை வெளி'.

கோபுரப்புறா:
எனக்கு மாமல்லபுரம். அந்தப் பெரிய பாறைச் சிற்பம் காட்டுவது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்ற சண்டையைக் கரைத்துக் குடித்துவிட்டு, பாறை முன்னாலேயே வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அந்த மான் மூக்கைச் சொறியுது." பின்னங்காலைத் தூக்கி, நிஜமாகவே சொறிகிறது. நாலு தடவை போயிருக்கிறேன். தவம் செய்யும் பூனையைத் தெரியும், எலிகளைத் தெரியும். இந்த மானைப் பார்த்ததே இல்லை. படிக்காமல் போயிருந்தால் பார்த்திருப்பேனோ என்னவோ.

பழுப்புத்தாள்:
படிப்பைக் குறை சொல்லாதீர்கள். தகைவிலான், நல்ல கையேட்டில் இளம்பறவைக்குத் தனி வரி இருக்கும். நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரியைத் தாண்டியிருப்பீர்கள். நானும்தான்: வக்காவின் குஞ்சைக் குருட்டுக்கொக்கு என்று எழுதி, அச்சிலும் வந்துவிட்டது. சரி, இனி எழுதுகிறவர்களுக்கு: பென்சிலும் நோட்டும் எடுத்துப் போங்கள், பேனா மை மழையில் கரையும். நேரம், இடம், என்ன தின்கிறது, எல்லாம் அங்கேயே குறியுங்கள். கோட்டுப்படமும் போடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை; வரையும்போதுதான் கால் எங்கே மடங்குகிறது என்று தெரியும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் பத்தி எழுதினார், படமும் அவரே வரைவார். சிற்பத்துக்கும் இதேதான். முதலில் அரை மணி நேரம் பாருங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறங்கள். மதிப்புரை எழுதுவதானால்...

கோபுரப்புறா:
சார், யார் கேட்டது? மூன்று வரி அனுபவத்துக்கு இவ்வளவு பாடமா?

தகைவிலான்:
பழுப்புத்தாள் சொன்னது சரி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அந்த வரி இருக்கிறது. பென்சிலில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.