பேடிஎம் பங்கை வைத்திருப்பதா, விற்று ஷார்ட் போவதா?

கேள்வி (டிசம்பர் 2024):
வணக்கம். ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைக்குப் பிறகு பேடிஎம் அடிபட்டுக் கிடந்த மார்ச் மாதத்தில், 400 ரூபாய் வீதம் 200 பங்குகள் வாங்கினேன். இப்போது விலை 900 ரூபாயை ஒட்டி நிற்கிறது. 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, பட்டியலான முதல் நாளிலேயே 27 சதவீதம் சரிந்த பங்கு என்பதால் இந்த ஏற்றத்தை நம்ப மனம் வரவில்லை. செப்டம்பர் காலாண்டில் காட்டிய 930 கோடி ரூபாய் லாபமும், டிக்கெட் வணிகத்தை ஸொமேட்டோவுக்கு விற்றதில் கிடைத்த 1,345 கோடியால் வந்ததுதான்; அதைக் கழித்தால் நட்டமே மிஞ்சுகிறது. நவம்பர் 29 முதல் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்த வணிகம்) வசதியும் வந்துவிட்டதால், விற்றுவிட்டு ஃபியூச்சரில் (பின்னொரு தேதிக்கான விலையை இப்போதே பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில்) ஷார்ட் போகலாமா, அதாவது விலை இறங்கும் என்று முதலில் விற்று, பிறகு வாங்கலாமா, அல்லது வைத்திருக்கலாமா?

முதல் பதில்:
விலை மிகை என்று நினைத்தால், விற்பதற்கு அந்தக் காரணமே போதும். ஷார்ட் போவதற்குப் போதாது. ஃபியூச்சரை விற்பவர் விலை இறங்கும் என்பதோடு, தன் மார்ஜின் (ஈடாகக் கட்டிய முன்பணம்) தீருவதற்குள் இறங்கும் என்றும் பந்தயம் கட்டுகிறார். நீங்கள் சொல்லும் காலாண்டுக் கணக்கு அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. அதே மாதத்தில் புதிய யூபிஐ பயனர்களைச் சேர்க்க அனுமதியும் கிடைக்கவே, பங்கு மேலேதான் போனது. இன்னொன்று: பங்கு ஃபியூச்சரில் ஒரு லாட்டின் (ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தே விற்க வேண்டிய பங்குத் தொகுதியின்) மதிப்பு குறைந்தது 5 லட்சம் ரூபாய் என்ற அளவில் வைக்கப்படுவதால், 900 ரூபாய் விலையில் அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட பங்குகளாகும். கையில் உள்ள 200 பங்குகளுக்குக் காப்பாக விற்றாலும், மீதி முழுவதும் கையில் பங்கே இல்லாத வெறும் ஷார்ட்தான்.

இரண்டாம் பதில்:
நான் பட்டதைச் சொல்கிறேன். எஃப் அண்ட் ஓ பட்டியலில் இல்லாத ஒரு சிறிய மென்பொருள் நிறுவனப் பங்கை, அன்றே முடித்துவிடலாம் என்று காலையில் ஷார்ட் செய்தேன். மதியம் அது அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலையில்) பூட்டிக்கொண்டது. திரையில் வாங்குவோர் பக்கம் லட்சக்கணக்கில் ஆர்டர்கள் நிற்க, விற்போர் பக்கம் சுழியமாகவே இருந்தது. மூன்றரை மணிவரை ஒரு பங்குகூடத் திரும்ப வாங்க முடியாமல், நான் தர வேண்டிய பங்கைச் சந்தையே வாங்கித் தரும் ஏலத்துக்குப் போய் கூடுதல் விலை கொடுத்தேன். பேடிஎம்முக்கு இப்போது அப்படிப்பட்ட நிலையான சர்க்யூட் இல்லை; ஆனால் ஒரே நாளில் எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் நிலையான வரம்பு இல்லை. அதற்காக வைத்திருப்பது பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். கடந்த பிப்ரவரியில் மூன்றே வர்த்தக நாள்களில் 761 ரூபாயிலிருந்து 438 ரூபாய்க்கு இறங்கியபோது, விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாம் பதில்:
வரியையும் கணக்கிடுங்கள். இன்று விற்றால் ஒரு லட்சம் ரூபாய் குறுகியகால லாபத்துக்கு 20 சதவீதம், அதாவது உபவரி நீங்கலாக 20,000 ரூபாய் போகும். மார்ச்சில் ஓராண்டு கடந்தபின் விற்றால், வேறு நீண்டகால லாபம் இல்லாதபட்சத்தில், 1.25 லட்சம்வரை வரி இல்லை. ஆனால் அதற்குள் விலை 800 ரூபாய்க்குக் கீழே இறங்கினால், காத்திருந்தது நட்டம். இந்தப் பங்குக்கு 100 ரூபாய் ஆட்டம் பெரிதல்ல.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. லாட் அளவை நான் யோசிக்கவே இல்லை. நாளை 100 பங்குகளை விற்றுவிட்டு, மீதியை 800 ரூபாயில் ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் விற்கும் ஆர்டர்) வைத்து மார்ச்வரை வைத்திருக்கிறேன். ஷார்ட் வேண்டாம்.