மீன் சைக்கிளுக்கு மோட்டரும் பற்றறியும்: முன் சில்லா, பின் சில்லா?

முள்ளிமணல்

வணக்கம். அப்பா விடிய முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, முள்ளியவளை, தண்ணீரூற்று கடந்து ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர்கள் வரை சைக்கிளில் விற்கிறவர். போக 20 கி.மீ. அளவு, வரவும் அவ்வளவுதான். பின் கரியரில் ரெஜிபோம் பெட்டி, ஐஸோடு சேர்த்து 50 கிலோ வரும். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி இப்படி மிதிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் சைக்கிள் எடுப்போம் என்றால் அப்பா கேட்கிறார் இல்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் க்யூஆர் அட்டையோடு கிழமைக்கு 4 லீற்றர் பெட்ரோலுக்கு நின்றவர்களைப் பார்த்தவர் அவர்.

சைக்கிள் பழைய லுமாலா. 28 அங்குலச் சில்லு, கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கிற கம்பி பிறேக், கியர் இல்லை. ஒரு கடையில் 1000 வாட் கியரில்லாத பின் சில்லு மோட்டரும், 12 வோல்ட் 12 ஏஎச் (அம்பியர்-மணி) ஈயப் பற்றறி நாலும் போடச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா, பெடல் அச்சில் பூட்டுகிற, பாஃபாங் என்ற கம்பனியின் 750 வாட் மோட்டர் வாங்கித் தருகிறேன், பற்றறியையும் வரும்போது சூட்கேஸில் கொண்டுவருகிறேன் என்கிறார். எதைச் செய்வது?

பரந்தன் பட்டறை

தம்பி, கடைக்காரர் சொன்னதை உடனே தள்ளிவிடாதீர்கள். ஈயப் பற்றறி கிளிநொச்சியிலும் கிடைக்கும், முல்லைத்தீவிலும் கிடைக்கும். செத்ததை நிறுத்துப் பழைய ஈயத்துக்குக் கொடுத்தால் கொஞ்சக் காசு திரும்பி வரும். லித்தியம் பெட்டிக்குள் செல்களைக் காக்கிற பிஎம்எஸ் பலகை பழுதாய்ப் போனால் இங்கே திறந்து பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? கியரில்லாத மோட்டரில் தேய்வதற்கு பெயரிங்கைத் தவிர ஒன்றுமில்லை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். எல்லாம் கையால் திருத்தக்கூடிய சாமான் என்பதால்தான் நடந்தது. தெருவில் நின்றால் தெருவிலேயே திருத்த வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

கனகராயன்

பரந்தன் அண்ணை, திருத்தும் வசதி பெரிய விஷயம்தான். ஆனால் இந்தப் பற்றறி அந்த மனிதரை வீடு கொண்டுவந்து சேர்க்காதே.

48 வோல்ட் 12 ஏஎச் என்றால், இரண்டையும் பெருக்க, தாளில் 576 வாட்-மணி; பற்றறிக்குள் இருக்கும் சக்தியின் அளவு அது. ஈயப் பற்றறியில் அந்த 12 ஏஎச் என்பது பெரும்பாலும் 20 மணி நேரம் எடுத்து மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. மோட்டர் 10, 15 அம்பியர் இழுக்கும்போது கையில் வருவது 350க்குக் கிட்டத்தான். தினமும் அடிவரை இறக்கினால் ஒரு வருடம் போவதே கஷ்டம். நாலும் சேர்ந்து 16 கிலோ வேறு.

தேவை எவ்வளவு? சைக்கிள், ஆள், மீன், மோட்டர் எல்லாம் சேர்த்து 140 கிலோ என்று வையுங்கள். காற்றில்லாத காலையில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், மிதிக்காமல் போனால் கி.மீ.க்கு 10 வாட்-மணி அளவில் போகும். அதே வேகத்தில் காற்றும் எதிரே 20 கி.மீ. வேகத்தில் வந்தால் அது 24 வரை ஏறும். ஒட்டுசுட்டான் முல்லைத்தீவுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் பெட்டி நிறைந்திருக்கும்போதுதான் காற்று முகத்தில். வெறும் பெட்டியோடு வரும்போது முதுகில் தள்ளும். வடகிழக்கு வாடைக் காலத்தில் மறுவளம். மோசமான நாளில் போக 480, வர 120, வாசலுக்கு வாசல் நின்று கிளம்புவதற்கு இன்னும் கொஞ்சம். ஆக 650 முதல் 700 வாட்-மணி கையில் வேண்டும்.

அந்த நின்று கிளம்புவதில்தான் 1000 வாட் மோட்டரும் பிழைக்கிறது. கியரில்லாத மோட்டர் வேகமாகச் சுழன்றால்தான் கரண்டை ஒழுங்காக வேலையாக மாற்றும். சுமையோடு நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது பெரும்பங்கு சுருளில் சூடாகப் போய்விடும். மீன்காரர் ஒரு ஒழுங்கைக்குள்ளேயே எத்தனை படலையில் நிற்பார்! அதற்குப் பதில், சில்லு நடுவுக்குள்ளேயே பல்சக்கரம் வைத்த 500 வாட் கியர் மோட்டர் என்றால், உள்ளே இருக்கிற பகுதி சில்லைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுழலும், அதனால் கிளம்பும் இழுவை நல்லாக இருக்கும். எடை 4 கிலோ அளவு. பற்றறி தீர்ந்தாலும் கிளட்ச் விட்டுவிடும், வெறும் சைக்கிளாக மிதித்து வரலாம். கியரில்லாததைப் பற்றறி இல்லாமல் மிதித்தால் காந்தம் பிடித்து இழுக்கும். அந்த முழங்காலுக்கு அது ஆகாது.

ஸ்காபரோ தம்பி

மாமா சொன்னது நல்ல சாமான். நான் இங்கே அதே 750 வாட் பாஃபாங்கைத்தான் ஓட்டுகிறேன். மேடெல்லாம் அனாயாசமாக ஏறும். சில்லில் மோட்டர் இல்லாததால் ரயர் பஞ்சரானால் சும்மா கழற்றலாம். எடையும் நடுவில் இருக்கும். நல்ல சாமான் கிடைக்கிறபோது ஏன் மலிவானதைத் தேட வேண்டும்?

கனகராயன்

தம்பி, அது மேடு ஏறுவது உங்கள் பின் சில்லில் கியர் அடுக்கு இருப்பதால். மோட்டரின் பலம் செயின் வழியாகப் போய், சின்னக் கியரில் இறக்கி இழுக்கும்போதுதான் பெடல் அச்சு மோட்டரின் சிறப்பு. இந்த லுமாலாவில் ஒரே ஒரு பல்சக்கரம். அந்தச் சிறப்பு அத்தனையும் வீண். மனிதனுடைய பலமும் மோட்டருடைய பலமும் ஒரே செயினில் விழும். செயின் அறுந்தால் இரண்டும் போய்விடும். முல்லைத்தீவில் ஏற மலையும் இல்லை.

பற்றறியை சூட்கேஸில் கொண்டுவரும் கதையை மாமாவிடம் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பயணிகள் விமானத்தில் தனி லித்தியம் பற்றறி 100 வாட்-மணி வரை கைப்பையில் வரலாம், 160 வரை என்றால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணப் பொதியில் வரவே முடியாது. சைக்கிள் பற்றறி குறைந்தது 400, 500. மோட்டர் வரலாம், பற்றறியை இங்கேதான் தேட வேண்டும்.

விசுவமடு வயரிங்

எல்லோரும் வாட்டும் வோல்ட்டும் பேசுகிறீர்கள். அந்தப் பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீரை யாராவது யோசித்தீர்களா?

மீன் சைக்கிள் ஒன்றின் பின்பக்கத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஐஸ் உருகி, மீன் இரத்தமும் உப்பும் கலந்து பெட்டியின் மூலையால் ஒழுகும். கரியர்க் கம்பியால் இறங்கி நேரே பின் சில்லின் நடுவில் விழும். கரியரும் மட்காட் கம்பியும் எப்போதும் துருப்பிடித்துத்தான் இருக்கும், பெயின்ற் நிற்காது. அந்த இடத்தில் மோட்டரைப் பூட்டினால், அச்சுக்குள்ளால் வயர் போகிற துளைதான் உப்புத் தண்ணீருக்கு வாசல். வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். உள்ளே ஹோல் சென்சர் என்று மூன்று சின்ன மின்னணுச் சிப்புகள் இருக்கின்றன. அவற்றின் கால்கள் பச்சை பூத்ததும் மோட்டர் துடித்துத் துடித்து நின்றுவிடும். கரியருக்குக் கீழே பற்றறி வைப்பது அதைவிட மோசம். கடையில் விற்கிற பற்றறிப் பெட்டிகள் பல பின் கரியருக்கென்றே செய்தவை. மீன்காரருக்கு அது சரிவராது.

என் முடிவு, முன் சில்லில் கியர் மோட்டர். பற்றறி பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள். மோட்டருக்குக் கரண்டை அளந்து விடுகிற கொன்ட்ரோலரும் அங்கேயே. ஒவ்வொரு வயரும் இணைப்புக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டும், இணைப்புக்குள் ஏறாது. இணைப்புகளுக்குள் கிறீஸ் பூசிவிடுங்கள்.

பரந்தன் பட்டறை

உப்புத் தண்ணீர்ப் பேச்சு உண்மை. ஆனால் முன் சில்லு மோட்டர் எனக்குப் பயம். ஒருவர் கொண்டுவந்த சைக்கிளில் முன் அச்சு, அதைப் பிடிக்கிற ஃபோர்க்கின் வாயில் சுழன்றுவிட்டது. மோட்டர் அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும், ஃபோர்க் வாய்தான் அதைத் திரும்பாமல் பிடிக்க வேண்டும். நட்டு இளகியிருக்கிறது, அச்சு திரும்பித் திரும்பி வாயை அரிந்துவிட்டது. வயர் முறுக்கி அறுந்தே போயிருந்தது. பின் சில்லு கழன்றால் சைக்கிள் நிற்கும். முன் சில்லு கழன்றால் ஆள் முகம்குப்புற விழுவார்.

இன்னொன்று, 50 கிலோ பின்னால் இருக்கும்போது முன் சில்லில் பாரம் குறைவு. கிறவல் றோட்டில், மழைக்குப் பிறகு களி மண்ணில், திறொட்டிலைத் திருகினால் முன் சில்லு வழுக்கும். ஹாண்டில் கையில் நிற்காது.

விசுவமடு வயரிங்

அதற்குத்தான் டோர்க் ஆர்ம் இருக்கிறது, அண்ணை. அச்சின் தட்டையைப் பிடிக்கிற இரும்புத் தகடு, ஃபோர்க் காலோடு இறுக்குவது. முன் சில்லு என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட வேண்டும், அதில் பேரம் பேசக் கூடாது. ஃபோர்க் இரும்பாக இருக்க வேண்டும், அலுமினியத்தில் முன் மோட்டரே வேண்டாம். வழுக்குவதற்கு, கொன்ட்ரோலரில் கரண்டை 15 அம்பியர் அளவில் கட்டி, மெல்ல ஏறுகிற மாதிரி வைத்துவிடலாம். 48 வோல்ட்டில் அது 700 வாட்டுக்கு மேல், போதும்.

இனிச் சில்லுக் கம்பிக் கணக்கு. இந்தப் பழைய சைக்கிள் வகைகளில் வழக்கமாக முன் றிம்முக்கு 32 துளை, பின் றிம்முக்கு 40. சில்லு மோட்டர்கள் பெரும்பாலும் 36 துளை. ஆக எந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கத்து றிம் மாற வேண்டும். பின்னால் போட்டால் 50 கிலோ சுமக்கிற 40 கம்பிச் சில்லைக் கழற்றி எறிய வேண்டும், கம்பி பிறேக்கும் போகும். மோட்டருக்குப் பின் வாய் 135 மில்லிமீற்றர் அகலம் வேண்டும், இந்தச் சட்டகங்கள் 110, 120தான் இருக்கும், நெம்பி விரிக்க வேண்டும். முன்னால் போட்டால் பின்பக்கம் அப்படியே இருக்கும்.

மாங்குளம் சந்தி

பற்றறிக்குப் பழைய நிசான் லீஃப் காரின் துண்டுகள் வாங்கலாமே? இல்லையென்றால் பழைய லப்டொப் செல்களைச் சேர்த்துக் கட்டலாம். மலிவு.

கனகராயன்

லீஃப் துண்டு ஒன்று 3.8 கிலோ. 7 துண்டு சேர்த்தால்தான் 48 வோல்ட்டுக்கு மேல் வரும், ஏறக்குறைய 27 கிலோ. அந்தக் காரின் பற்றறிக்குத் தண்ணீரால் குளிர்வூட்டும் ஏற்பாடு இல்லை, வெயில் நாடுகளில் சீக்கிரம் தேய்ந்துவிட்டது. வீட்டுச் சோலருக்கு வைத்தால் பிரயோசனம், சைக்கிளுக்கு இல்லை. லப்டொப் செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குக் கிழடு. கிறவல் றோட்டு ஆட்டத்தில் ஒரு இணைப்பு விட்டாலும் மற்றவற்றின் மேல் பாரம் ஏறும். அந்த வீட்டுக்குக் கிடுகுக் கூரை என்றால் இரவில் அதைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க நான் சொல்லமாட்டேன்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற் வாங்குங்கள். 16 செல், 51.2 வோல்ட், 20 ஏஎச், மொத்தம் 1024 வாட்-மணி. முழுதும் இறக்காமல் எண்பது வீதம் எடுத்தாலே 800 கிடைக்கும். எடை 9, 10 கிலோ. சாதாரண லித்தியம் அயன் இதே அளவுக்கு 6 கிலோவில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் பொஸ்பேற் வெயிலைக் கூடத் தாங்கும், தீப்பிடிப்பது அரிது, 2000 தடவை ஏற்றி இறக்கலாம். மற்றது 500 முதல் 1000. தினம் ஓடுகிற மனிதருக்கு 4 கிலோ பெரிதில்லை.

சார்ஜரில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு வகைக்கும் கடையில் 48 வோல்ட் என்றே பெயர். 13 செல் லித்தியம் அயன் 54.6 வோல்ட்டில் நிறையும், 16 செல் பொஸ்பேற் 58.4இல். பொஸ்பேற் சார்ஜரை மற்றதில் குத்தி, பிஎம்எஸ் வெட்டாமல் விட்டால் தீதான். வெயிலில் நின்று வந்த பற்றறியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள்.

பரந்தன் பட்டறை

சரி, ஈயத்தை விடுகிறேன், இந்தத் தூரத்துக்கு அது போதாது என்று கணக்கு சொல்கிறது. முன் சில்லில் எனக்கு இன்னும் மனமில்லை. நான் செய்வதென்றால் பின் சில்லில் போட்டு, பெட்டிக்குக் கீழே தகரத் தட்டு அடித்து, தண்ணீரை ஒரு குழாயால் பக்கத்துக்கு இறக்கிவிடுவேன். முன்னாலதான் என்று முடிவெடுத்தால் பிறேக்கை முதலில் பாருங்கள். முன் றிம் மாறினால் முன் கம்பி பிறேக் இராது. 140 கிலோவைப் பின் பிறேக் மட்டும் நிறுத்தாது, முக்கியமாக மழை நாளில் கம்பி பிறேக் பிடிக்கவே பிடிக்காது.

முள்ளிமணல்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பெட்டித் தண்ணீரைச் சொன்னதும், "அந்தத் தம்பிக்கு மீன் தெரியும்" என்றார். முன் சில்லில் 500 வாட் கியர் மோட்டர், பொஸ்பேற் பற்றறி என்று முடிவு. மாமாவிடம் மோட்டர், கொன்ட்ரோலர், டோர்க் ஆர்ம் இரண்டு மட்டும் கேட்கிறேன். முன் பிறேக்குக்கு என்ன செய்வது?

விசுவமடு வயரிங்

26 அங்குல மவுண்டன் சைக்கிளின் இரும்பு ஃபோர்க் ஒன்று தேடுங்கள், வி-பிறேக் பூட்டுகிற முளைகள் உள்ளது. அதன் வாய் 100 மில்லிமீற்றர், மோட்டர் நேரே உட்காரும். வாங்கும் முன் மேல் குழாயின் தடிப்பையும் நீளத்தையும் உங்கள் லுமாலாவோடு அளந்து பாருங்கள், தடிப்பு ஒத்து வராவிட்டால் வேறு பாருங்கள். 26 அங்குல 36 துளை றிம், தடித்த கம்பி. மோட்டர் வாங்கும்போது 48 வோல்ட்டில் பாரமில்லாமல் நிமிடத்துக்கு 240 சுற்று அளவில் சுழல்கிறதைக் கேளுங்கள், அந்தச் சில்லில் பாரத்தோடு 24 கி.மீ. வேகம் வரும். 300க்கு மேல் சுழல்கிறது வேண்டாம், இழுவை குறையும். பிறேக் பிடித்ததும் மோட்டரை வெட்டுகிற சுவிட்ச் உள்ள பிறேக் பிடியாக வாங்குங்கள்.

பரந்தன் பட்டறை

ஃபோர்க் கிடைத்ததும் சைக்கிளோடு பரந்தன் பக்கம் வாருங்கள் தம்பி. குழாய் நீளம் கூடினால் வெட்டி மரை போட்டுத் தருகிறேன். டோர்க் ஆர்ம் இரண்டையும் நான்தான் இறுக்குவேன். பூட்டிய பிறகு முதல் கிழமை ஒவ்வொரு விடியலும் அந்த அச்சு நட்டை ஸ்பானரால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கரைக்குப் போக வேண்டும்.