புதுப்பிப்பு: உடற்கட்டுப் போட்டிக்கு முந்திய வாரம், தண்ணீரும் உப்பும்

முந்தைய பதிவில், மேடையில் தசை தெளிவாகத் தெரிய, கடைசி மூன்று நாள் தண்ணீரையும் உப்பையும் அறவே நிறுத்தலாம் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன், அது பிழையான ஆலோசனை.

தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு கிராம் கிளைக்கோஜன் (தசை சேமித்து வைக்கும் மாச்சத்து) சேர்ந்து தங்க மூன்று கிராம் தண்ணீராவது வேண்டும். தண்ணீரை வெட்டினால் தோலுக்கடியில் இருப்பது மட்டும் தனியாக வற்றாது. தசையும் சேர்ந்து சப்பிப் போகும். குடல் குளுக்கோஸை உறிஞ்சுவதற்குச் சோடியம் தேவை. உப்பில்லாத சோறு தின்றவர்கள் மேடையில் 'பம்ப்' (தசைப் புடைப்பு) வராமல் நிற்பது இதனால்தான். இரண்டையும் வழமையான அளவிலேயே வையுங்கள்.

தசையில் மாச்சத்தை நிரப்பச் சோறு ஏற்றுவதை வியாழன், வெள்ளி செய்யுங்கள். சனி குறைத்து, ஞாயிறு மேடை. நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 7 கிராம் மாச்சத்து என்றால் 75 கிலோக்காரருக்கு 525 கிராம். சோற்றில் மட்டும் எடுத்தால் இரண்டு கிலோவுக்கு அருகே வரும், வயிறு தள்ளும். பாதியைப் பாண், ஜாம், தேனுக்கு மாற்றுங்கள். பருப்பும் கீரையும் அந்த இரண்டு நாளும் வேண்டாம். புதிதாக எதையும் சாப்பிடவும் வேண்டாம்.

நீரிறக்கும் மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு: தொடாதீர்கள். பொட்டாசியம் குழம்பினால் முதலில் தசைப்பிடிப்பு, பிறகு இதயம்.

கொழும்புப் புழுக்கத்தில் 'டேன்' (மேடைக்காக உடம்பில் பூசும் பழுப்புச் சாயம்) வழியும். போட்டிக்கு முந்தின நாள் இரவே இரண்டு பூச்சு, மின்விசிறிக்கு முன் நன்றாகக் காயவிட்டு. அக்குளில் வாசனைத் திரவியம் பூசினால் டேன் பச்சை நிறமாக மாறும்.