சுசாட்டோவின் பவான்: செல்லோ ஏன் தனித்து ஒலிக்கிறது?

கேள்வி: நாங்கள் நால்வர், எல்லோரும் பொழுதுபோக்காக வாசிப்பவர்கள். சோப்ரானோ (மேல்), ஆல்டோ (நடு), டெனார் (கீழ்) என மூன்று ரெக்கார்டர்கள், அதாவது நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல்கள். அடியில் என் செல்லோ, வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரல். டீல்மான் சுசாட்டோ 1551இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்ட நடனத் தொகுப்பிலிருந்து ஒரு பவான் (நிதானமாக நடந்து ஆடும் பழைய ஐரோப்பிய நடனம்) எடுத்திருக்கிறோம். என் செல்லோ எங்கோ கிணற்றடியில் கிடப்பதுபோல் ஒலிக்கிறது. வேகமும் வாரத்துக்கு வாரம் குறைகிறது. இந்த இசை மீது எனக்கு அவ்வளவு ஆசை; கெடுக்க மனம் வரவில்லை.

பதில் 1: ரெக்கார்டர்கள் மூலத்தைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கின்றன, நீங்கள் மட்டும் மூலச் சுருதியில். நடுவில் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? டெனார் பகுதியை வயோலாவிடம் (வயலினைவிடச் சற்றுப் பெரியது, தாழ்ந்த குரல்) கொடுங்கள்; அது மூலச் சுருதியிலேயே வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் ஏற்றது என்று சொல்லியே சுசாட்டோ வெளியிட்டார், தயங்க வேண்டாம்.

பதில் 2: வேகத்துக்கு முரசு சேருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆர்போவின் 1589ஆம் ஆண்டு நடன நூலில் பவானுக்கான முரசடி இருக்கிறது: ஒரு நெடில், இரண்டு குறில். முதலில் கருவிகளை வைத்துவிட்டு நடந்து பாருங்கள்: இரண்டு ஒற்றையடி (ஓர் அடி வைத்துக் கால் சேர்ப்பது), ஓர் இரட்டையடி (மூன்று அடி வைத்துக் கால் சேர்ப்பது). கால் தள்ளாடினால் வேகம் குறைவு என்று பொருள். பவானை அடுத்து ஒரு கலியார்டும் (துள்ளி ஆடும் விறுவிறுப்பான நடனம்) வாசியுங்கள். ஆறு எண்ணிக்கையில் ஐந்தாவதில் துள்ளல்!

கேட்டவர்: பக்கத்து வீட்டில் வயோலா இருக்கிறது. இன்று மாலையே கேட்கிறேன்.